இலையானுக்கு வைத்த பங்கு

ஜெமீலாவின் குசினிக்குள் வழிதவறி வந்த எறும்புக்கு அன்றைக்குக் கெட்ட நாள்தான். ஆனால் மருந்து அடிக்கமாட்டாள். அந்தப் பேச்சே அந்த வீட்டில் எடுபடாது. அரிசி வாளிக்குள் செத்தல் மிளகாயும் கராம்பும் கிடக்கும், வண்டு அண்டாது. பழ அலுமாரியின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நிற்கும், எறும்புக்கு ஏற வழியில்லை. தட்டு மூலைகளில் ரம்பை இலையைக் கசக்கிச் செருகியிருப்பாள். கரப்பொத்தான் அந்த மணத்துக்கு வந்த வழியே திரும்பிவிடும். பின்னேரம் அஸர் தொழுது முடிந்ததும் வீடு முழுக்க வேப்பிலைப் புகை. செட்டிகுளம் பக்கத்தில் இப்படி ஒரு குசினியை வேறு எங்கேயாவது காட்டுங்கள் பார்ப்போம்.

இத்தனைக்கும் காரணம் அவளுடைய புருசன் பாறூக்கின் சிறுநீரகம். முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு எத்தனை போகம் வயலுக்கு மருந்து அடித்த மனுசன்! அடித்துவிட்டு வாய்க்காலில் கையை அலசிப்போட்டு அப்படியே சோற்றுப் பார்சலைப் பிரிப்பார். வருத்தம் வந்ததற்கு அதுதான் காரணம் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. தண்ணீராக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், ஒன்றும் உறுதியாகச் சொல்ல இயலாது என்றார்கள். ஜெமீலாவுக்கு அவர்களுடைய உறுதி தேவைப்படவில்லை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று கேட்டு வந்த அன்றே, கொட்டிலில் இருந்த போத்தல்களையும் கரப்பொத்தானுக்கு அடிக்கும் ஸ்பிறேயையும் சேர்த்துக் கட்டி வீட்டைவிட்டு வெளியேற்றினாள். இனி இந்த வளவுக்குள் ஒரு சொட்டு விசம் வரக்கூடாது என்று சொன்னாள். வரவுமில்லை.

விசத்தைத் துரத்திவிடலாம், பழத்தை என்ன செய்வது? பாறூக்குக்குப் பழம் ஆகாது. பழத்தில் இருக்கும் பொட்டாசியம் என்ற ஒன்றை அவருடைய உடம்பால் வெளியே தள்ள முடியாது. அது இரத்தத்தில் ஏறினால் இருதயம் நின்றுவிடும். கிழமைக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், வவுனியா ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். தண்ணீரும் அளவுதான், ஒரு நாளைக்குச் சின்னப் போத்தல் ஒன்று. வன்னி வெயிலில் அந்தப் போத்தலை வைத்துக்கொண்டு அந்தி மட்டும் இருந்து பாருங்கள், தெரியும்.

அப்பிளில் பாதி தின்னலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பாறூக் அதை ஒரு கடி கடித்துவிட்டு, "இதுக்குப் பலகையைச் சப்பலாம்," என்று வைத்துவிட்டார்.

சோதனை என்னவென்றால், அந்த வளவு முழுக்கப் பழம். புத்தளத்தில் இருபது வருசம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, பற்றை வெட்டி, பாறூக் தன் கையால் வைத்த மரங்கள். இரண்டு கறுத்தக்கொழும்பான் மா, ஒரு பலா, வேலியோரம் பப்பாசி, கிணற்றடியில் கொய்யா. மாமரங்கள் முதல் ஆறேழு வருசம் இலையைத் தவிர ஒன்றையும் காட்டவில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, பொறு உனக்குக் காட்டுகிறேன் என்பதுபோல இந்த வருசம் கிளை முறியக் காய்த்தன. போதாதென்று வருத்தம் பார்க்க வருகிற சனமும் பழப்பையோடுதான் வருகிறது. திராட்சை, தோடம்பழம், கதலிச்சீப்பு! வருத்தக்காரனைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று எந்தப் புண்ணியவான் எழுதிவைத்தானோ தெரியாது. வந்தவர்கள் பையைப் பாறூக்கின் கட்டிலடியில் வைப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு வாங்குவார். அவர்கள் படலை தாண்டமுன்னம் ஜெமீலா பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள்.

தொடக்கத்தில் அவர் ஒருமுறை களவாகப் பலாச்சுளை தின்று, அம்புலன்ஸில் போய், செத்துப் பிழைத்து வந்தார். அன்றைக்கு ஜெமீலா அவரைக் கட்டிலில் இருத்தி வைத்துக் கேட்டாள். "எனக்கு வாக்குத் தாங்கோ. இனி வீட்டுப் பழத்தில கை வைக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ." அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வல்லாஹி, வைக்கமாட்டன்," என்றார். தொழுகை தவறாத மனுசன், அல்லாஹ்வின் பெயரால் சொன்னதை மீறமாட்டார். ஆனாலும் ஜெமீலா அலுமாரிக்குள் இருந்த பழங்களைக் காலையும் மாலையும் எண்ணினாள். ஒருநாளும் ஒன்றும் குறையவில்லை.

வீட்டில் இருந்த மற்றவர்கள் பழம் தின்பதென்றால் அது ஒரு களவு வேலை. மகன் றிஸ்கான் கட்டாரில். அவனுடைய பெண்சாதி றிஃப்னாவும் நாலு வயது மகள் றிப்காவும் ஜெமீலாவோடு இருந்தார்கள். லுஹர் தொழுது, சாப்பிட்டு, பாறூக் கண்ணயர்ந்ததும் மூன்று பேரும் மாம்பழங்களை மடியில் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போவார்கள். கத்தி தேவையில்லை. காம்பைக் கிள்ளிப்போட்டு, தோலைப் பல்லால் உரித்து, கறுத்தக்கொழும்பானை அப்படியே கடிக்கவேண்டும். சாறு முழங்கையால் வழியும், றிப்காவின் வயிறெல்லாம் மஞ்சளாகும். "மாமி, இது சீனி மாமி, சீனி!" என்று றிஃப்னா கண்ணை மூடுவாள். ஜெமீலாவுக்கும் அந்த அரை மணித்தியாலத்தில் எல்லாம் மறந்துபோகும். கொட்டையை நார் வெளுக்குமட்டும் சூப்புவாள். பிறகுதான் நெஞ்சில் ஏதோ கனக்கும். மூன்று பேரும் சவர்க்காரம் போட்டுக் கையும் வாயும் கழுவி, மணம் போய்விட்டதா என்று ஒருவர் கையை மற்றவர் மணந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள்.

ஒருநாள் அப்படிக் கழுவும்போது றிஃப்னா சொன்னாள், "பாவம் மாமி மாமா. ஒரு துண்டு குடுத்தா என்ன?"

"ஒரு துண்டில போன சனம் இருக்கு," என்று ஜெமீலா அவளுடைய வாயை அடைத்தாள்.

மாம்பழம் என்றால் இலையான், ஈக்கூட்டம். எங்கிருந்துதான் வருமோ, ஒரு பழம் கனிந்தால் போதும், குசினி வாசலில் கலியாண வீட்டுச் சனம்போல வந்து நிற்கும். ஒரு கிளாசில் வினாகிரியும் சவர்க்காரத் துளியும் விட்டு, கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி கிளாசின் வாயில் வைத்தாள். சின்ன இலையான்கள் விழுந்தன, பெரியவை சட்டைசெய்யவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இலையானுக்கு அதன் பங்கைக் கொடுத்துவிட்டால் அது ஏன் வீட்டுக்குள் வரப்போகிறது? தின்று முடிந்த தோல், கொட்டை, அளவுக்கு மிஞ்சிக் கனிந்து அமுங்கிய பழம் எல்லாவற்றையும் இரண்டு பெரிய சிரட்டைகளில் போட்டு, கிணற்றுக்கு அப்பால் கிளுவை வேலியடியில் வைத்தாள். அன்றிலிருந்து இலையான்படை அந்தப் பக்கம் போய்விட்டது. குசினி துடைத்துவிட்டதுபோல இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கேட்டுவிட்டுப் போய் அதேபோல வைத்தார்கள். ஜெமீலாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

இன்னொரு புதினமும் நடந்தது. பகல் வைத்த சிரட்டை அஸருக்குப் போய்ப் பார்த்தால் அரைவாசி வெறுமையாக இருக்கும். கொட்டைகள் வழித்துத் துடைத்தபடி கிடக்கும்.

"ஒரு குரங்கு வருது போல," என்று பாறூக்கிடம் சொன்னாள். "நல்ல வளர்ப்புக் குரங்கு. திண்டுபோட்டுச் சிரட்டையை ஒழுங்கா வெச்சிட்டுப் போகுது."

"வரட்டும் விடு," என்றார் பாறூக். "அதுக்கும் பசிதானே."

ஆனி மாதத்து முதல் வியாழக்கிழமை, மெஷினில் போடமுன் எடுத்த இரத்தத்தைப் பார்த்துவிட்டு நேர்ஸ் பிள்ளை முகத்தைச் சுளித்தாள். "என்னம்மா, பழம் குடுத்தீங்களோ?" ஜெமீலா நெஞ்சில் கையை வைத்து இல்லையென்றாள். திங்கட்கிழமை பொட்டாசியம் இன்னும் கூடியிருந்தது. அடுத்த வியாழன் டொக்டரே வந்தார். இளம் பெண், கத்தவில்லை, கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அம்மா, இப்பிடியே போனா ஒருநாள் இஞ்ச வந்து சேரமுன்னம் இருதயம் நிண்டுபோடும். உங்கட வீட்டில ஆரோ குடுக்கினம். ஆரெண்டு பாருங்கோ," என்றார்.

ஆரோ குடுக்கினம்! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜெமீலாவின் தலைக்குள் அந்த ஒரு சொல்தான் சுற்றியது. பக்கத்து இருக்கையில் பாறூக் யன்னலில் தலையைச் சாய்த்து நித்திரை கொண்டார். அலுமாரியில் பழம் குறையவில்லை. சத்தியம் செய்தவர் எடுக்கமாட்டார். அப்படியென்றால் கொடுத்த கை யாருடையது?

முதலில் அகப்பட்டவள் அடுத்த வளவு வடிவம்மா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பாறூக்கை அண்ணன் என்றுதான் சொல்லுவாள். அன்றைக்குப் பார்த்துக் கதலிச்சீப்பு ஒன்றோடு படலையைத் திறந்தாள். "அண்ணனுக்குன்னு வெட்டினது அக்கா," என்று அவள் சொல்லி முடியவில்லை, ஜெமீலா சீப்பைப் பறித்து வேலிக்கு மேலால் எறிந்தாள். "அண்ணனைக் கொல்லுறதுக்கோ கொண்டு வாறாய்? இனி இந்தப் படலை திறக்கக்கூடாது!" வடிவம்மா வீதியில் சிதறிய பழங்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அது பிழை என்று அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது. உடுப்புத் தோய்க்கும்போது பாறூக்கின் சேட்டு நுனியில் ஒரு மஞ்சள் கறை. மணந்து பார்த்தாள். கறுத்தக்கொழும்பான். வடிவம்மா வளவில் மாமரமே இல்லை. இந்த வீட்டில் மாம்பழம் தொடுகிற கை தன்னுடையதை விட்டால் இன்னொன்றுதான்.

"றிஃப்னா!"

பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தவள் கோப்பையோடு ஓடிவந்தாள்.

"மாமாவுக்கு ஆர் மாம்பழம் குடுக்கிறது?"

"எனக்கெப்பிடித் தெரியும் மாமி?"

"ஒரு துண்டு குடுத்தா என்ன எண்டு கேட்ட வாய் ஆருடையது?"

"கேட்டனான் தான். குடுக்கல்ல. வல்லாஹி, நான் குடுக்கல்ல மாமி."

"பொய்ச் சத்தியம் வேற! இந்தக் கறை என்ன வானத்தால விழுந்ததோ? அந்த மனுசனைக் கொல்லத்தான் பாக்கிறியோ? உன்ர வாப்பாவா இருந்தாக் குடுப்பியோ?"

கடைசிச் சொல் வாயைவிட்டுப் போனதும் ஜெமீலாவுக்கே உறைத்தது. றிஃப்னாவின் வாப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மவுத்தானவர். பாறூக்கைத்தான் வாப்பாவாக நினைத்திருந்தாள். மெஷினுக்குப் போகும் நாளில் ஸுபஹுக்கு முன்னம் எழும்பி அவருக்கு இடியப்பம் அவித்துக் கட்டிக் கொடுப்பவள் அவள்தான். ஆனால் ஜெமீலா சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. எடுக்கிற குணம் அவளுக்குப் பிறப்பிலேயே இல்லை.

முன்னறையில் பாறூக்கின் கட்டில் கிரீச்சிட்ட சத்தம் கேட்டது. "அவளை விடு ஜெமீலா," என்று குரல் மட்டும் வந்தது. "நீங்க பேசாம இருங்கோ!" என்று ஜெமீலா கத்தினாள். அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் றிஃப்னா பிள்ளையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு சாளம்பைக்குளத்துக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போனாள். பாறூக்கின் கையைப் பிடித்து, "போயிட்டு வாறன் மாமா," என்றாள். ஜெமீலாவிடம் சொல்லவில்லை. கட்டாரிலிருந்து றிஸ்கான் போன் எடுத்து, "உம்மா, என்ன கதை இது?" என்று கேட்டான். "உன்ர வாப்பாவின்ர உயிர்தான் கதை," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

திங்கட்கிழமை இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கும் என்று நம்பினாள். இறங்கவில்லை.

வீடு வெறிச்சென்று போயிற்று. மாம்பழம் தின்ன ஆளில்லை. ஜெமீலா தனியே கிணற்றடிக்குப் போக மனமில்லாமல் விட்டுவிட்டாள். அலுமாரிக்குள் பழங்கள் ஒன்றுக்குமேல் ஒன்றாகக் கனிந்து வெடித்தன. அமுங்கியதை நாளுக்கு நாள் சிரட்டையில் போட்டும் இலையான் திரும்பவும் குசினியைப் பிடித்தது. புதன்கிழமை பகல், கை பட்டாலே அமுங்குகிற பழங்கள் நாலைந்தைப் பிளந்து சிரட்டை நிரம்பப் போட்டு வேலியடியில் வைத்துவிட்டு வந்து, பாறூக்குக்குச் சோறு கொடுத்துவிட்டுப் பாயில் சாய்ந்தாள்.

கண்ணயர்ந்துவிட்டாள். இடி முழங்கிய சத்தத்தில் எழும்பினால் வானம் கறுத்துக்கிடந்தது. கொடியில் உடுப்பு! பாறூக்கின் கட்டிலில் அவர் இல்லை. அஸருக்கு வுளு எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

கிணற்றடியில் அவர் இல்லை. கிணற்றுக்கு அப்பால், கிளுவை வேலியடியில், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

மெஷின் ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு முடிச்சு முடிச்சாகப் பொங்கியிருந்த இடக்கையால் இலையானைக் கலைத்துக்கொண்டிருந்தார். கலைத்தால் போகிறதா அது, தோளிலும் காதிலும் வந்து இருந்தது. வலக்கையில் மாங்கொட்டை. அதை ஒரு பக்கம் சூப்பி, திருப்பி, மறுபக்கம் சூப்பினார். அவசரமில்லை. சின்னப் பிள்ளையின் கவனத்தோடு சூப்பினார். சிரட்டைக்குள் இருந்த பழச்சதை முக்கால்வாசி போய்விட்டிருந்தது.

எத்தனை நாள்? ஒரு மாதமாகவா? அதற்குள் இருந்தது யாருடைய எச்சில்? தான் சூப்பிய கொட்டை, மருமகள் சூப்பிய கொட்டை, பேத்தி கடித்துத் துப்பிய தோல். யா அல்லாஹ்! தன்னுடைய கையாலல்லவா அள்ளி வைத்தாள், ஒவ்வொரு நாளும், நேரம் தவறாமல்.

"இஞ்சாருங்கோ," என்றாள்.

அவர் திடுக்கிடவில்லை. கொட்டையைச் சிரட்டைக்குள் திரும்ப வைத்தார். சிரட்டையை நேராக்கினார். சாரத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல், "அலுமாரியில நான் கை வைக்கல்ல ஜெமீலா," என்றார். "நீ எண்ணி வெச்சதில ஒண்டும் குறையாது."

"என்ன வேலை பாத்திருக்கிறீங்க! என்ன வேலை பாத்திருக்கிறீங்க!" தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

"இது வீட்டுப் பழம் இல்லத்தானே. இலையானுக்கெண்டு குடுத்தது. அதுகளிட்ட இருந்துதான் கொஞ்சம் எடுத்தனான். நாக்கு வறண்டு ஒட்டிப் போகுது ஜெமீலா. ஒருக்கா நனைச்சிட்டு விடுவம் எண்டுதான் முதல் நாள் வந்தனான். பிறகு இண்டையோட சரி, இண்டையோட சரி எண்டு…"

"அவளை நான் அந்தப் பேச்சுப் பேசேக்குள்ள உள்ளுக்கதானே இருந்தீங்க? வாயைத் திறந்தீங்களோ?"

"எழும்பினனான். கதவு மட்டும் வந்தனான்." அவர் இப்போதுதான் அவளைப் பார்த்தார். தாடி மயிரில் மஞ்சள் நார் ஒன்று ஒட்டியிருந்தது. "என்னெண்டு சொல்லுறது? மருமகளுக்கு முன்னால நிண்டு, நீங்க சூப்பி எறிஞ்சதைத்தான் நான் சூப்பினனான் எண்டு என்னெண்டு சொல்லுறது?"

மழை தொடங்கியது. ஜெமீலா அவரைத் தூக்கிவிட்டாள். கிணற்றடியில் இருத்தி, வாயையும் தாடியையும் தன் கையால் கழுவினாள். அவருடைய உடம்பு குளிர்ந்துபோய் நடுங்கியது. பிறகு அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"றிஃப்னாவுக்குச் சொல்லாத. மகனுக்கும் சொல்லாத. நான் மவுத்தானாலும் சொல்லாத. இலையானோட இருந்து திண்டவன் எண்டு அதுகள் என்னை நினைக்கக்கூடாது. வாக்குத் தா."

கொடுக்காமல் என்ன செய்வாள்? கொடுத்தாள்.

பிறகு றிஃப்னாவுக்குப் போன் எடுத்தாள். காரணம் சொல்ல முடியாது. என்ர பிழை பிள்ளை, வா என்று மட்டும் சொல்லலாம் என்று நினைத்தாள். போன் அடித்து அடித்து நின்றது. மூன்று முறை எடுத்தாள். றிஃப்னா தூக்கவில்லை.

வியாழன் காலை பாறூக்கால் கட்டிலைவிட்டு எழும்ப முடியவில்லை. கால் இரண்டும் தன்னுடையது மாதிரி இல்லை என்றார். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் நெஞ்சு முழுக்க வயர் ஒட்டினார்கள். ஊசி போட்டார்கள். மெஷினைக் கட்டிலடிக்கே கொண்டுவந்தார்கள். றிஸ்கான் சொல்லியிருக்கவேண்டும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு றிஃப்னாவும் ஓடிவந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். ஓடிவந்த களையில் அவளுடைய தலைத்துணி சரிந்திருந்தது. "மாமா," என்றாள். பிறகு, எல்லாவற்றையும் மறந்து, "மாமி, என்னவாம் சொல்லினம்?" என்று கேட்டாள். அந்த மாமி என்ற சொல்லைக் கேட்டதும் ஜெமீலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளைக் கட்டிப்பிடிக்கக் கையைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து டொக்டர் வந்தார்.

"அம்மா, இந்தமுறை கேட்டுப்போட்டு விடமாட்டன். இவருக்குப் பழம் குடுத்தது ஆர்?"

ஜெமீலா பாறூக்கைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருசம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். அவர் அப்படிக் கெஞ்சி ஒருநாளும் கண்டதில்லை. றிஃப்னாவும் இவளைத்தான் பார்த்தாள். இப்போதாவது சொல்லுங்கள் மாமி, நான் இல்லை என்று சொல்லுங்கள் என்று அந்தப் பிள்ளையின் முகம் கேட்டது.

"நான்தான் டொக்டர்," என்றாள் ஜெமீலா.

"நீங்களோ? நீங்கதானே ஒவ்வொருமுறையும் இல்லை இல்லை எண்டு சத்தியம் பண்ணினது?"

"பொய் சொன்னனான்."

டொக்டர் கிட்ட வந்தார். "இவர் உயிரோட இருக்கவேணும் எண்டு உங்களுக்கு ஆசை இல்லையோ அம்மா?"

ஜெமீலா நிலத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது றிஃப்னாவின் முகம் வேறு முகமாகிவிட்டிருந்தது. அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வாட்டைவிட்டு வெளியே போனாள். செருப்புச் சத்தம் படிவரைக்கும் கேட்டது.

பாறூக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. சந்தேகமேயில்லை, நிம்மதிதான். அதைப் பார்த்த அந்த நொடியில் ஜெமீலா அவரை வெறுத்தாள். மறு நொடி அவருடைய காலைத் தடவிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவருடைய இருதயம் நின்றது. ஆஸ்பத்திரிக்காரர் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள், குறை சொல்லக்கூடாது. ஜும்மாவுக்குப் பிறகு ஜனாஸா. றிஸ்கான் வந்து சேரமுன்னம் அடக்கிவிட்டார்கள். வடிவம்மா வந்து படலைக்கு வெளியே மரத்தடியில் நின்று அழுதுவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை, படலையைத் திறக்கக்கூடாது என்று சொன்னது இவள்தானே. பெண்கள் ஒவ்வொருவராக ஜெமீலாவின் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார்கள். றிஃப்னா வந்தாள், மூலையில் யாசீன் ஓதினாள், கையைப் பிடிக்காமல் போனாள்.

ஜெமீலா இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் ஓர் அறைக்குள்தான். மாமரம் ஓய்ந்துவிட்டது. குசினியில் எறும்பில்லை, இலையானில்லை. எந்த வாயும் எதையும் தின்னாத வீட்டில் அவை எதற்கு வரப்போகின்றன?

றிஸ்கான் வந்து ஒரு மாதம் நின்றான். வாப்பாவின் உடுப்பு, செருப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். உம்மாவோடு தேவைக்குமட்டும் பேசினான். ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம் அவனுக்கு. திரும்பிப் போகும்போது, றிஃப்னா இனி அவளுடைய உம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்றான். ஜெமீலா ஓம் என்றாள்.

இத்தா முடிய மூன்று நாள் இருக்கும்போது, பகல் பதினொரு மணிபோல, றிஃப்னா தனியே வந்தாள். பிள்ளையைக் கொண்டுவரவில்லை. அறை வாசலில் நின்றாள். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"ஒண்டு கேக்கத்தான் வந்தனான் மாமி. கேட்டுட்டுப் போயிருவன்."

"கேள் பிள்ளை."

"நீங்கதான் குடுத்ததெண்டா, ஏன் என்னைச் சொன்னீங்க?"

ஜெமீலாவின் வாய்வரைக்கும் வந்தது. நான் குடுக்கல்ல பிள்ளை, நானும் குடுக்கல்ல, நீயும் குடுக்கல்ல. இவ்வளவுதான் சொல்லவேண்டும். அடுத்ததாக அவள், அப்ப எப்பிடி மாமி என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது? கபுறுக்குள் கிடக்கிற மனுசனை மறுபடி தூக்கிக்கொண்டுபோய் அந்த வேலியடியில் குந்தவைக்கவா? அவர் கெஞ்சிக் கேட்ட ஒரே காரியம் அது.

"பயத்தில சொல்லிப்போட்டன்," என்றாள். "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

போகத் திரும்பியவள் நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"அவ்வளவு கவனமாப் பாத்தீங்களே மாமி. தெரிஞ்சுகொண்டு ஏன் குடுத்தீங்க?"

"கேட்டார்," என்றாள் ஜெமீலா. "கேட்டார், குடுத்தன்."

றிஃப்னா தலையை ஆட்டினாள். அதை நம்பினாள் என்று தெரிந்தது. படலை மூடுகிற சத்தம் கேட்கும்வரை ஜெமீலா அப்படியே இருந்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வருத்தமாகக் கிடந்த இரண்டு வருசத்தில் ஒருநாள்கூட அவர் அவளிடம் ஒரு துண்டுப் பழம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் கொடுத்திருக்க மாட்டாள். அது அவருக்குத் தெரியும்.